எங்கள் வீட்டுப் பேஜாரு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். கரண்ட் போனால் பேஜாரு. பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் பேஜாரு. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனாலும் பேஜாருதான். சலிப்பு, எரிச்சல், வருத்தம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் நேரமில்லை. துக்கம் என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் அது மனதில் இருப்பதில்லை, போய்வருகிற இடம். "துக்கத்துக்குப் போயிட்டு வந்தேன், குளிக்கத் தண்ணி எடுத்து வை" என்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த இடம் எங்கள் வீடாயிற்று. மஞ்சள் காமாலையில் என் தங்கை இறந்துபோனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா தெருக்கூட்டும் வேலையில் இருந்தாள், நான் கார்மெண்ட்ஸில் காலர் தைத்தேன். தங்கை வாசலோரம் பலகை போட்டு ஊதுபத்தி உருட்டுவாள். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்டி" என்பேன். கரிமாவு அப்பிய கையோடு, தலையைத் தூக்காமல், "பேஜாரு பண்ணாம போக்கா" என்பாள். நாலு வருஷமாகத் தினமும் இதே பேச்சுதான்.

அவளைக் கிடத்தியிருந்தபோது அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகத் தெருக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர்.

"தண்ணி வந்துடுச்சிமா. குடம் வைக்கட்டா?" என்று கேட்டேன்.

அம்மா கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வரவழைத்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, பசிகூட இல்லை. "இன்னாடி இவ, ஒரு சொட்டு கண்ணீரு வர்ல. நெஞ்சழுத்தக்காரி" என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதுபடவே சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது மட்டும் உறுத்தியது. அம்மாவுக்கு இனி நான் ஒருத்திதான், அந்த ஒருத்தியையும் அவள் விட்டுவிட்டாள் என்று தோன்றியது.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அம்மா இதில் கறார். வாய்தவறிச் சொல்லிவிட்ட சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்தித் திட்டினாள். என்னோடு தைக்கிற கன்னடப் பெண் ஒருத்தி வந்து "பேஜாரு மாட்கோபேடா" என்றாள். மனசை வருத்திக்காதே என்று அர்த்தம். அவளும் சொல்லாமல்தான் போனாள். ஐந்து நாளும் வந்தவர்கள் எல்லோரும் அப்படியே எழுந்து எழுந்து போனார்கள்.

எனக்கு லீவு ஐந்து நாள்தான். ஆறாம் நாள் காலை டப்பாவில் சோற்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மா விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊதுபத்திப் பலகையை யாரோ கழுவிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். செருப்பில் கால் நுழைந்ததும் என் வாய் தானாக "வரேன்டி" என்றது.

பலகையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

சித்தப்பாவையே விடாதவள், என்னை விடுவாளா என்று திட்டுக்காகக் காத்து நின்றேன். அம்மா பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் காலடியில் குந்தி, நான் போடாமல் விட்டிருந்த செருப்பு வாரை மாட்டிவிட்டாள்.

"பேஜாரு பண்ணிக்காம போயிட்டு வா" என்றாள்.

அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பஸ் போய்விட்டது. கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர், ஏன் லேட் என்று கேட்டார். எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

"பேஜாரு சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் மெஷினில் உட்காரச் சொன்னார்.