சௌந்திரத்தின் இரண்டாம் கிள்ளல்

ஓமலூருக்கு மேற்கே இருக்கும் ஒன்றரை ஏக்கர் சாமந்தி, சௌந்திரத்துக்குச் சொந்தம் என்று பட்டா சொல்கிறது. பட்டாவுக்கு விவரம் போதாது. உண்மையில் சாமந்திதான் சௌந்திரத்தை ஏழு வருஷமாக வைத்திருக்கிறது, நல்ல கட்டுக்காவலில்.

காரணம் எளிது. ஊரில் கல்யாணம் நடப்பது முகூர்த்த நாளில். பூவுக்குக் கிராக்கி வருவதும் முகூர்த்த நாளில். ஆகவே சௌந்திரம் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. அவர் பறித்த பூ மட்டும் எல்லாக் கல்யாணத்துக்கும் போய் மணவறையில் தொங்கியது. கணவர் கலையரசன் போர்வெல் வண்டியோடு வடக்கே இருப்பவர். அங்கிருந்து போனிலேயே விவசாயம் பார்ப்பார்.

“பூவச் செடியிலயே உட்டுப்போட்டு எங்கீம் போயிராத.”

“நா எங்கீங்க மாமா போறது? செடிதான் என்னைய உட மாட்டேங்குதே.”

இந்நிலையில் தம்பி ஜெயபிரகாஷுக்கு எட்டு வருஷத் தேடலுக்குப் பிறகு பெண் கிடைத்தது. ஆவணிக் கடைசியில் கல்யாணம். தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு: மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் கூறைச்சேலையைப் பிடித்து நிற்க வேண்டும். அவள் வராவிட்டால் பெரியப்பா மகள் நிற்கலாம். பெரியப்பா மகள் அறிவுச்செல்வி, எதற்கும் இருக்கட்டும் என்று ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

சௌந்திரம் நாள் எண்ணிப் பார்த்தார். பூ திரளும் வாரமும் கல்யாண வாரமும் ஒன்று. நட்ட நாலாவது வாரம் கொழுந்தைக் கிள்ளுவது வழக்கம். கிள்ளினால் பூ தள்ளிப்போகும். இன்னொரு முறை கிள்ளினால் இன்னும் தள்ளிப்போகாதா? ஏழாவது வாரம், யாரிடமும் சொல்லாமல், ஒன்றரை ஏக்கரையும் இரண்டாம் முறை கிள்ளினார். நகத்தால் சுரங்கம் தோண்டிச் சிறையிலிருந்து தப்பப் பார்த்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

பூ தள்ளிப்போனது. கல்யாணமும் தள்ளிப்போனது. பெண் வீட்டுப் பங்காளிகளில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் காலமாக, ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்கு நாள் மாறியது. கிள்ளிய இடமெல்லாம் இரண்டு மூன்று கிளை வெடித்து, கிளைக்கிளையாக மொக்கு வைத்து, சரியாக அதே நாளில் மலர்ந்தது. தப்ப முயன்றால் தண்டனை இரட்டிப்பு என்பது சாமந்திச் சட்டத்திலும் உண்டு போலும்.

பூப்பறிக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அன்று வரவில்லை. அவர்களுக்கும் போகவேண்டிய கல்யாணம் இருந்தது. வந்த இருவரில் மூத்தவளான பெருமாயி சொன்னாள்:

“நீ கெளம்பு சாமி. மிச்சம் செடியில கெடக்கட்டும். உன்ற தம்பி மறுக்கா மறுக்காவா கண்ணாலம் பண்ணப்போறான்?”

“இந்த ஒண்ணுக்கே எட்டு வருசமாச்சு.”

ஆனாலும் கை கேட்கவில்லை. விடிந்து வெகுநேரம்வரை பறித்துவிட்டு, கட்டிய சேலையோடு, பூ மூட்டை ஏற்றிய டெம்போவிலேயே ஓமலூர் மண்டபத்தில் போய் இறங்கினார். வாசலில் நின்ற ஆள் கையை நீட்டி மறித்தார்.

“பூவுங்களா? பின்பக்கம் போங்க.”

“நா மாப்பிள்ளைக்கு அக்காளுங்க.”

அவர் சௌந்திரத்தின் இடுப்பைப் பார்த்தார். பறித்த பூ மடி நிறையப் பிதுங்கிக்கொண்டிருந்தது. “செரிங்க. பின்பக்கமே போங்க.”

வாதாட நேரமில்லை. சமையல்கட்டு வழியாக, சாம்பார் அண்டாக்களைத் தாண்டி மேடையேறினார். கூறைச்சேலையை அறிவுச்செல்வி பிடித்துவிட்டிருந்தாள்.

“அறிவு, கைய எடு. அக்கா வந்துருச்சு” என்றான் ஜெயபிரகாஷ்.

“இந்தச் சேலையோடயா நிக்கப்போறாங்க?”

“இதோடத்தான்.”

சௌந்திரம் வாங்கிப் பிடித்தார். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவர் கையில் இருந்தது பூ அல்ல. கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை. மடியிலிருந்து உதிர்ந்த பூ ஒன்றைப் பெண்ணின் அப்பா குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மிணி, பூ நல்ல தெரட்சியா இருக்குதுங்க. வர்ற முகூர்த்தத்துல எங்க பங்காளி ஊட்டுல கல்யாணம். இதே பூத்தான் வேணும். நீங்களே நின்னு பறிச்சுக் குடுத்துருங்க.”

இரண்டு கையும் சேலையில் மாட்டியிருக்க, சௌந்திரம் தலையை மட்டும் ஆட்டினார்.

“பத்திரிகையும் கொண்டாந்து வெச்சர்றோம். குடும்பத்தோட வந்தரோணும், ஆமா.”