சூசையின் பெட்டிக்குள் இருந்த அமலியின் நம்பர்

ஆப் சோதிக்கிற வேலைக்கு முதல் தகுதி, எதிரே ஒருத்தர் திண்டாடும்போது வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

பாஸ்வேர்டு மறந்து, ஓடிபி வராமல், "வெளிச்சத்துக்கு வா, கண்ணைச் சிமிட்டு" என்று ஃபோன் அதட்டக் கேட்டுத் தவித்திருக்கிற நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். காரைக்குடியில் ஒரு மாடி அறையில் எங்கள் வேலை. சோதித்தது ஒரு அடையாள வாலட். மணிபர்ஸ் மாதிரிதான், ஆனால் உள்ளே ரூபாய் இருக்காது. பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் இருக்கும். இங்கிருந்தபடியே மலேசியாவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கோ, காலேஜுக்கோ, வாடகைக்கு வீடு விடுகிறவருக்கோ "நான் இன்னார்" என்று காட்டலாம். அங்கே ஒரு ஊரில் மட்டும் சில இடங்கள் சோதனைக்குச் சம்மதித்திருந்தன. அந்த ஊரில் பிள்ளையோ புருஷனோ இருக்கிற வீட்டு ஆட்களை வரவழைத்து, ஃபோனைக் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று நான் எழுதவேண்டும். சொல்லிக்கொடுக்கக் கூடாது.

இந்த வேலையில் ஒரு நாள், அமலி என்கிற பெண், தன் புருஷனுக்குத் தான் பெண்டாட்டிதான் என்று சாயங்காலத்துக்குள் நிரூபிக்கவேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இரண்டு பேரைப் பார்த்துவிடுங்கள். இந்த வேலை எப்படிப்பட்டது என்று புரியும்.

தேய்ந்த விரல்

முதலில் வந்தவர் ஆத்தங்குடி வள்ளியக்கா. தரைக்குப் போடுகிற பூக்கல் வார்க்கிறவர். கண்ணாடி மேல் கலர்ச் சிமெண்டை ஊற்றி ஊற்றி விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. ஃபோன் கைரேகை கேட்டது. வைத்தார். மறுபடி வை என்றது. சேலையில் துடைத்து வைத்தார், எச்சில் தொட்டு வைத்தார், கடைசியில் இடதுகையையும் வைத்துப் பார்த்தார்.

"வேறு வழி" என்று கீழே ஒரு பட்டன் இருந்தது. அவர் கண்ணில் படவில்லை. வீட்டில் என் நாலு வயது மகள் சட்டையைத் திருப்பிப் போட்டாலே என் கை தானாக நீளும். இங்கே அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, எத்தனை முறை தவறுகிறது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு வள்ளியக்கா என்னிடம் சொன்னார்: "நான் வார்த்த கல்லு மேல ஊரே நடக்குது, என் விரலு மட்டும் யாருதுன்னு தெரியலையாக்கும்?"

கேட்டதும் கேட்காததும்

பிள்ளையார்பட்டியில் தேங்காய்க் கடை வைத்திருக்கிற முத்தையா அண்ணன் அடுத்து. மகள் அங்கே படிக்கப் போகிறாள், கூடவே போய் வீடு பார்த்துக்கொடுக்கவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கேட்பதுபோல ஆப் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வயது பதினெட்டுக்கு மேலா? "ஆம்" என்று மட்டும் காட்டினால் போதும். பிறந்த தேதியைக்கூடக் காட்டவேண்டாம். இந்த வாலட்டின் பெருமையே அதுதான்.

முத்தையா அண்ணன் "எல்லாம் காட்டு" என்பதை அமுக்கினார். பாஸ்போர்ட், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று உள்ளே இருந்த மொத்தமும் போய்விட்டது. சோதனை முடிந்ததும் காரணம் கேட்கலாம் என்பதால் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தர் வாய்விட்டுக் கேட்ட பெறகு பாதியை மூடி வச்சா, நம்மளை என்னம்மா நெனைப்பாக?"

பத்திரமான இடம்

அமலியக்கா காளையார்கோவில் பக்கம். புருஷன் சூசை அந்த மலேசிய ஊரில் ஆறு வருஷமாகக் கட்டட வேலை. அக்கா கெட்டிக்காரி. கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்டினார், "ஒப்புக்கொள்கிறேன்" என்று எங்கே வந்தாலும் படிக்காமல் பட்டென்று அமுக்கினார். நாமெல்லாம் செய்கிறதுதானே. கடைசியில் ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது ஆப். வரவில்லை.

அவருடைய காகிதங்களில் இருந்தது சூசையின் நம்பர். நம் பக்கத்தில் இது வழக்கம். பெண்ணுடைய கார்டு, பெண்ணுடைய முகம், நம்பர் மட்டும் புருஷனுடையது. என் கார்டிலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. சூசை அந்த சிம்மையும் கையோடு மலேசியாவுக்குக் கொண்டுபோயிருந்தார். சோதனைக்கென்று எங்களிடம் ஒரு தற்காலிக எண் உண்டு. அதைப் போட்டு மேலே போகவைத்தேன். "நம்பர் வேறொருவரிடம்" என்று தாளில் எழுதினேன். போய் மாற்றிவிடுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் இப்படி என்று மட்டும் கேட்டேன். அக்கா சிரித்தார்: "நான் எங்கிட்டாச்சும் ஃபோனைத் தொலைச்சுப்புடுவேன், அவுககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்ல."

யார் பேசுறது?

இரண்டு வாரம் போயிருக்கும். காலையில் அறையைத் திறக்கும்போதே அமலியக்கா படியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சூசையின் காலில் இரும்பு உத்தரம் விழுந்திருக்கிறது. நினைவில்லை. கம்பெனியிலிருந்து ஃபோன் வந்து, ஆஸ்பத்திரிக்காரர்களோடு பேசவைத்திருக்கிறார்கள். சாயங்காலம்வரைதான் காத்திருக்க முடியும், ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், நீங்கள் மனைவி என்பதற்கு அத்தாட்சி காட்டினால்தான் மேற்கொண்டு சொல்லமுடியும் என்றார்களாம். காகிதமாக அனுப்பி முத்திரை வாங்க நாள்கணக்காகும். அந்த ஆஸ்பத்திரி எங்கள் சோதனையில் சேர்ந்திருந்தது. யாரிடமும் கேட்காமல் அக்காவின் வாலட்டைத் திறந்தேன். கல்யாணச் சான்றிதழ் உள்ளே இருந்தது. அனுப்பு என்றேன். தற்காலிக எண் சோதனையோடு சரி, நிஜமாக அனுப்பினால் காகிதத்தில் இருக்கிற நம்பருக்குத்தான் ஓடிபி போகும். போய்விட்டது, நினைவில்லாமல் கிடக்கிற மனுஷன் நம்பருக்கு.

"ஊர் சிம்மை பட்டன் ஃபோன்ல போட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக" என்றார் அக்கா. அங்கே சூசையின் அறையில் கூடத் தங்கியிருப்பவர் குமார், பரமக்குடிக்காரர். ஒருமுறை சூசை அவர் ஃபோனிலிருந்து பேசியதால் நம்பர் கிடைத்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் குமார் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க நீங்க? ஓடிபி கேக்குறீக? சூசையண்ணன் விழுந்த சேதி தெரிஞ்சு ஏமாத்த வந்துட்டீகளா?"

அமலியக்கா ஃபோனைப் பிடுங்கினார். "தம்பி, நான் அமலி பேசுறேன்யா."

"அப்படித்தான் சொல்லுவீக. நான் அண்ணி குரலையே கேட்டதில்லை. போன தடவை அண்ணனுக்கு ஊர்லருந்து என்ன வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

"சீப்புச் சீடை. தூக்குவாளி மூடி நிக்கலைன்னு என் பாவாடை நாடாவை உருவிக் கட்டிவிட்டேன். பச்சை நாடா."

பிறகு குமாரின் குரல் வேறு மாதிரி வந்தது: "அதுல பாதியை நான்தான் தின்னேன் அண்ணி, இருங்க, பூட்டை உடைக்கிறேன்."

ஒரு பட்டன்

பட்டன் ஃபோன் செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏறும்வரை அக்கா ஜெபமாலையை உருட்டினார், நான் ஆப்பை மூடி மூடித் திறந்தேன். முதல் ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதி. இரண்டாவதில் குமார் பதற்றத்தில் ஒரு எண்ணை விட்டுவிட்டார். மூன்றாவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடித்தேன். பச்சை டிக் விழுந்தது. நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் வீடியோவில் தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருவர் வந்தார். "மனைவின்னு வந்திருச்சும்மா. இப்ப ஒரு ஃபாரம் அனுப்புறோம், படிச்சுப் பாருங்க."

இடது காலை எடுப்பதற்கான சம்மதம். அடியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பட்டன். அக்காவின் விரல் அதற்கு மேலேயே நின்றது. வரி வரியாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி வாசித்தேன். என்ன செய்யலாம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்கிற எங்கள் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

"முட்டிக்கு மேலயா, கீழயாம்மா?" என்றார் நர்ஸிடம்.

"கீழதான்."

"காலை எடுத்துட்டு ஆளைக் குடுத்துருவீகளா?"

"அதுக்குத்தாம்மா கேக்குறோம்."

அமுக்கினார். ஃபோனை என் மடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவுக பொஞ்சாதின்னு காட்ட இம்புட்டுப் பாடுபட்டது, இதைச் சொல்லத்தானா தங்கச்சி?"

செல்லாத சோதனை

சென்னையில் இருக்கிற எங்கள் சாரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டவில்லை. ஆபரேஷன் எப்படி ஆனது என்று முதலில் கேட்டார். பிழைத்துவிட்டார் என்றதும் நல்லது என்றார். அப்புறம் வேலையைப் பார்த்தார்: "ஆனா கலா, நீங்க உதவி பண்ணின டெஸ்ட் செல்லாது, ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். அன்று மத்தியானமே இ-சேவை மையத்துக்குப் போய் என் கார்டில் என் நம்பரைப் போட்டேன். சூசையண்ணன் நாலு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்தார். அமலியக்காவின் நம்பரை மாற்ற இரண்டு பேரும் அதே மையத்தில் வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். உட்காராமல், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அக்காவைக் காட்டிச் சொன்னார்: "இவ நம்பரை இவகிட்டயே குடுத்துருங்கத்தா, ஆறு வருசமா நான் சுமந்தது போதும்."

இப்போதெல்லாம் யார் சோதனைக்கு வந்து உட்கார்ந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "இந்த நம்பர் யார் கையில இருக்கு?" என்று கேட்டு, மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்பதால், என் சோதனைகளில் பாதிக்கு மேல் செல்லாது.