"பெடியன் வந்தவனோ?"

வேலை முடியும் நேரத்துக்கு வெகு முன்பே அன்று அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நூல் தும்பு தலையிலும் தோளிலும் ஒட்டியிருந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. "என்னப்பா, உங்களைத் துரத்திப்போட்டாங்களோ?" என்று கேட்டேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"சின்னராசா அண்ணை மெசினடியிலை விழுந்திட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது" என்றார்.

எந்தச் செய்திக்கும் முன்னால் ஒரு பகிடியை ஓடவிடுவது என் பழக்கம். அன்று ஓடவிட்ட பகிடி இன்னும் எங்கள் முன்னறையில் எடுப்பாரில்லாமல் கிடக்கிறது.

ஹேர்னிங்கில் இருப்பவர்களுக்குச் சின்னராசா மாமாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஸ்கீவ, புரொண்பி போன்ற மற்ற டேனிஷ் ஊர்களில் இருந்து இந்த நினைவு மலரை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். துணித் தொழிற்சாலையில் அவரும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து மெசின். வீடு எங்களுக்கு மேல்மாடி. மனைவி ராணி மாமியும் மகன் பிரபுவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் எனக்கும் சுணக்கமில்லாமல் அனுமதி கிடைத்தது. எங்களுக்குப் பிறகு போட்ட மாமாவின் விண்ணப்பம் அசையவேயில்லை. அதற்குப் பிறகு போட்ட ஒருவருடையதும் அசையவில்லை. ஏன் என்று கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் பதில். பிரபுவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் அங்கே, நான் இங்கே. இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. முந்திப் பிறக்கவுமில்லை, முந்தி வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ராசா, ராணி, பிரபு என்று ஒரு குடும்பம் கையில் கிடைத்தால் என்னைப் போன்ற ஒருவன் சும்மா இருப்பானா? "ராசாவின்ர மகன் பிரபு எண்டால் பதவி இறக்கம்தானே, மாமா?" என்று கேட்டேன். "டேய், இந்த ராசா மெசின் துடைக்கிறார். பெடியன் பிரபுவாய் இருந்தாலே பெரிய ஏற்றம்" என்றார். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அந்த ஒற்றை அறை வீட்டுக் கதவில் 'பிரபு மாளிகை' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். வேலையால் வந்தவர் சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுக் குசினிவரை கேட்டது. கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். "இருக்கட்டும். அவன் வந்து தன்ர கையாலை கிழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மாரி தொடங்கமுதல் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். "உன்ர காலைக் கொண்டா" என்பார். என் காலுக்கு அளவு பார்த்துப் பிரபுவுக்குப் பனிச் சப்பாத்து வாங்குவார். "பூட்ஸ் வாங்கியாச்சு, பூட்டுத்தான் துறக்கேல்லை" என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிவார். பனி கொட்டத் தொடங்கும். பிரபு வரமாட்டான். "நீ போடு ராசா. வாற வருசம் அவன்ர கால் வளந்திடும்" என்று பெட்டியோடு என்னிடம் தந்துவிடுவார். நானும் வெட்கமில்லாமல் போட்டுக்கொண்டு பனியில் சறுக்கித் திரிந்தேன். அவரைத் தகனத்துக்குக் கொண்டுபோன அன்றும் என் காலில் அதுதான் இருந்தது. அளவு சரியான சப்பாத்தும் கடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி அந்தப் புத்தகம். வரலாற்று வகுப்பில், நடுக்காலத்து நிலவுடைமைக் குடும்பம் ஒன்றைப் பற்றி ஒவ்வொருவரும் பேசவேண்டும் என்றார்கள். பள்ளி நூலகத்தில் இருந்தவற்றில் ஆக மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். ஹியூ என்ற ஆங்கிலப் பிரபு ஒருவரின் குடும்ப வரலாறு. கடலுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்திலும் நிலம், அந்தப் பக்கம் நோர்மண்டியிலும் நிலம். பாட்டன் யார், யார் யாருக்குச் சீதனமாக எந்தக் காடு போனது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சுக்குச் சற்றும் குறையாது. பாதிவரை வாசித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் குசினியில் இருந்து அவருக்குக் கதை சொன்னேன்.

"மனிசியும் பெடியனும் எந்தப் பக்கம்?" என்று இடையில் கேட்டார்.

"அங்காலை, நோர்மண்டியிலை."

"இந்த மனுசன் ஏன் விட்டிட்டு வந்தவர்?"

"அரசன் கூப்பிட்டவன், மாமா. திரும்பிப் போகமுதல் ரெண்டு அரசரும் கொழுவிக்கொண்டாங்கள். இந்தப் பக்க ஆள் அந்தப் பக்கம் போகேலாது, அந்தப் பக்க ஆள் இந்தப் பக்கம் வரேலாது."

மாமா சொதியைத் துழாவிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு அரித்தது. "டேனிஷிலை ஃபார் எண்டால் அப்பா. இங்கிலிஷிலை ஃபார் எண்டால் தூரம். ஹியூ எந்த மொழியிலை பாத்தாலும் ஃபார்தான்!" என்றேன்.

சிரித்தார். பிறகு, "அப்ப நானும் ஃபார்தான்" என்றார். சொதி பொங்கி அடுப்பில் வழிந்தது.

"சரி, பெடியன் வந்தவனோ?" என்றார்.

எனக்குத் தெரியாது. மிச்சப் பாதியை நான் வாசிக்கவில்லை. வகுப்பிலும் பாதிக் கதையைச் சொல்லி, மிச்சத்துக்கு ஹியூ குதிரையில் ஏறி விழுவதை நடித்துக்காட்டித் தப்பிவிட்டேன். ஆனால் மாமா விடவில்லை. மாடிப்படியில் கண்டாலும், கார் தரிப்பிடத்தில் கண்டாலும் அதே கேள்வி. "காத்துச் சரியில்லையாம் மாமா." "கப்பலிலை இடமில்லையாம் மாமா." "மாலுமிக்குத் தடிமன் காய்ச்சலாம் மாமா." ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் பகிடி விடுகிறோம் என்றே நினைத்திருந்தேன். ஒரு ஆள் மட்டும்தான் விட்டிருக்கிறார். மற்ற ஆள் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லாம் முடிந்தபின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். கட்டிலில் இருந்து மிச்சத்தை வாசித்தேன். ஒரு பின்னேரம்கூட எடுக்கவில்லை. மகன் வந்திருக்கிறான். ஹியூ இங்கிலாந்தில் இறந்துபோக, வளர்ந்துவிட்ட மகன் கடலைத் தாண்டி வந்து, அரசனுக்கு முன்னால் முழந்தாளிட்டு, அப்பனின் நிலத்தைத் தன் பேருக்குக் கேட்டு வாங்கியிருக்கிறான். குடும்ப மரத்தின் படத்தில் அவன் பெயருக்குக் கீழே புதுக் கிளைகள்.

அப்பாவிடம் ஓடினேன். "அப்ப பிரபுவும் இப்ப வரலாமோ?" என்று கேட்டேன். "ஆரிட்டை வாறது? கூப்பிட்ட ஆள் இல்லையேடா. அண்ணையோடை அந்த விண்ணப்பமும் போச்சு" என்றார். அந்தக் காலத்தில் அப்பன் செத்ததால் மகன் வந்தான். இங்கே அப்பன் செத்ததால் மகன் வரமுடியாது. சொற்களைத் தலைகீழாகப் புரட்டுவது என் வேலை. இதை மட்டும் எத்தனை தரம் புரட்டினாலும் திரும்ப நேராக வரவில்லை.

போன கிழமை அப்பா கொழும்புக்கு எடுத்துக் கதைத்தார். கதைத்து முடியும் நேரம் திரும்பி, "பிரபு உன்னோடை கதைக்கவேணுமாம்" என்று ரிசீவரை என் கையில் வைத்தார்.

"நீ சுதன்தானே? பகிடிக்காரன்?" என்றது ஒரு குரல். உடையத் தொடங்கிய குரல், என்னுடையதைப் போலவே.

"ஓம்."

"அப்பா எடுக்கேக்கை எல்லாம் ஒரு இங்கிலிஷ் பிரபுவின்ர கதை சொல்லுறவர். நீ வாசிச்சுச் சொன்னதெண்டு. கடைசி வரைக்கும் அவருக்கும் முடிவு தெரியாது. அந்தப் பெடியன் வந்தவனோ?"

"ஓம்" என்றேன். "வந்தவன்."

"எப்பிடி?"

என்னிடம் இருந்த உண்மையை அவனுக்குச் சொல்ல முடியவில்லை. "கப்பலிலை" என்றேன்.

சிரித்தான். அப்படியே மாமாவின் சிரிப்பு.

மாமாவிடம் சொல்லியிருக்கவேண்டிய "ஓம்" ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. மேல்மாடி வீட்டை ஒழித்துக் கொடுத்தபோது 'பிரபு மாளிகை'யைக் கிழியாமல் கழற்றி, என் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். உள்ளே மேசையைச் சுவரோடு தள்ளிப் பார்த்தேன். இன்னொரு கட்டில் போட இடம் வருகிறது.