சுவிசேஷமுத்து சாரும் ஐந்தடித் தூரமும்

சுவிசேஷமுத்து சார் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்தியவர். 1936இல் நடந்தது அது. இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று பாதிரியார் சபையைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போலவே அடுத்த வரிக்குப் போகப் பார்த்தபோது, மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

"ஐயா, கல்யாண ஓலையை மூணு ஞாயிறு சபைக்கு முன்னாலே வாசிக்கணும். ரெண்டாவது ஞாயிறு மழையிலே ஆராதனை பாதியிலே முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு வாசிக்கலை."

கல்யாணம் எட்டு நாள் தள்ளிப்போனது. அண்டா அண்டாவாகப் பிரியாணி தயாராக இருந்ததால் விருந்து மட்டும் அன்றைக்கே நடந்தது. மறுவாரம் நிஜக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு டீயும் வாழைப்பழமும்தான். முப்பத்திரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி தபீதாள் அம்மா இதை என்னிடம் சொன்னபோதுகூட அவர் குரலில் ஆறவில்லை.

"ரெண்டு தடவை அலங்காரம் பண்ணிக்கிட்டேன் தம்பி. முதல் தடவைதான் நல்லா இருந்தேன்."

தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு அவர் தலைமை எழுத்தர். நான் அவருக்கு நான்காவது மேஜை. மின்சார ரயில் நின்றுபோய் ஆபீசே தாமதமாக வரும் நாட்களில், வருகைப் பதிவேட்டைத் திறந்து முதலில் தன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டுக்கொள்வார். அப்புறம்தான் எங்களுக்கு. அந்தச் சிவப்புக் கோட்டில் ஒரு சமத்துவம் இருந்தது. யாருக்கும் பிடிக்காத சமத்துவம்.

இப்படிப்பட்டவருக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்தது எப்படி என்று கேட்டால், அதற்கு ஒரு விதிப் புத்தகம் இருந்ததுதான் காரணம் என்பேன். முன்பு மேலதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது பத்துப் பன்னிரண்டு மட்டைகளையும், ஒரு சாக்குப் பை நிறையப் பந்துகளையும், அந்தப் புத்தகத்தையும் அலுவலக கிளப்புக்கு விட்டுப் போனார். மற்றவர்கள் மட்டையை எடுத்துக்கொண்டார்கள். சார் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

மாடம்பாக்கம் பக்கம் கோடையில் காய்ந்துபோகும் ஒரு ஏரிப் படுகைதான் மைதானம். ஒன்பது குழிகள். குழி என்றால், பால்பவுடர் டின்னை விளிம்புவரை மண்ணில் புதைத்தது. புல் கிடையாது. குழியைச் சுற்றி மணல் பரப்பி, பழைய எஞ்சின் எண்ணெய் தெளித்து, சாக்கைப் போட்டு இழுத்துச் சமப்படுத்தியிருப்பார்கள். புல் உள்ள ஊர்களில் அந்த வட்டத்துக்கு கிரீன் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர் பிரவுன். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் ஒன்பது குழிகளும் மீன்களுக்கு.

வருஷா வருஷம் மே மாதம் கோப்பைக்கான போட்டி. ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டம். மொத்தம் எத்தனை அடி என்பது கணக்கில்லை. ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடியில் பந்தைப் போடுகிறவருக்கு அந்தக் குழி. அதிகக் குழி வென்றவருக்கு ஆட்டம். ஜெயித்தவரின் பெயரை கிளப் சுவரில் தொங்கும் தேக்குப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள். அந்தப் பலகையில் ஏறுவதற்குப் பதினொரு வருஷமாக முயன்றுகொண்டிருந்தார் சார். ஆறு முறை அவரைத் தோற்கடித்தது அவரே. ஒருமுறை குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த பேனா பந்தின்மேல் விழுந்து, பந்து ஒரு கோதுமை மணியளவு உருண்டது. எதிராளி அந்தச் சமயம் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சார் அவர் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்து, "பந்து நகர்ந்தது. எனக்கு ஒரு அடி அபராதம்" என்று அறிவித்தார்.

1968 ஜூன் முப்பதோடு அவருக்கு ஓய்வு. வேலையில் இருப்பவர்கள்தான் கிளப்பில் ஆடலாம். ஆகவே அந்த மே மாதம்தான் பலகைக்கு வழி. வேறு வழியில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் பொன்னுரங்கம். ஏரிக்கரையை ஒட்டிய நிலமெல்லாம் அவருடையது. முன்பு நெல் போட்டார், இப்போது மனை போட்டு விற்கிறார். ஆரம்பத்தில் அவர் வயலில் விழுந்த பந்துகளைத் திருப்பித் தர மறுத்துக்கொண்டிருந்தார். சண்டை பெரிதாகாமலிருக்க கிளப் அவரை கௌரவ உறுப்பினராக்கியது. ஒரே மட்டையை வைத்துக்கொண்டு கில்லி ஆடுகிற தோரணையில் அடிப்பார். பந்து சொன்னபடி கேட்கும். அவருக்கு விதி எதுவும் தெரியாது. மனிதர்களைத் தெரியும். எதிராளியின் பந்து குழிக்குக் கிட்டே கிடந்தால் போதும், "வுடு சார், அது உள்ள போன மாரிதான்" என்று விட்டுக்கொடுத்துவிடுவார். கிட்டே என்பது அவர் கணக்கில் ஒரு தென்னைமர நீளம்வரை.

என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். யாரோடும் சண்டை போடாதவன் என்பது செயலாளர் சொன்ன காரணம். நான் யாரோடும் பேசுவதேயில்லை என்பது அவருக்குத் தெரியாது.

மே இருபத்தைந்து, சனிக்கிழமை. எட்டு குழிகள் முடிந்தபோது ஆளுக்கு நான்கு. ஒன்பதாவது குழியின் பிரவுனில் இருவரும் ஆளுக்கு மூன்று முறை அடித்துப் பந்தைச் சேர்த்துவிட்டார்கள். சாரின் பந்து குழிக்கு ஐந்தடித் தூரத்தில். பொன்னுரங்கத்தின் பந்து அதைவிடத் தள்ளி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வரட்டி வரிசையில் ஒரு வரட்டிமேல் சாய்ந்து கிடந்தது. பிரவுன் சமமாக, சூடாக இருப்பதால் பொன்னுரங்கத்தின் அக்கா பொன்னியம்மாள் அங்கேதான் வரட்டி காயவைப்பார். போன வருஷம் ஒரு தீர்மானம் போட்டு அதைத் தடுத்துப் பார்த்தோம். பொன்னியம்மாள் தீர்மானத்தைப் படிக்கவில்லை.

"இத்த எடுத்துடலாமா சார்?" என்றார் பொன்னுரங்கம்.

"தொடாதீங்க!" சார் புத்தகத்தை விரித்தார். நெற்றியில் வியர்வை. "சாணி இயற்கைப் பொருள். அதை எடுக்கும்போது பந்து அசைஞ்சா உங்களுக்கு ஒரு அடி அபராதம். ஆனா மனுஷன் செஞ்ச பொருளா இருந்தா அது தடங்கல். எடுக்கலாம், பந்து அசைஞ்சாலும் திரும்ப வச்சுக்கலாம். இது ரெண்டிலே எது?"

எனக்குப் புரிந்தது. பந்து அந்த வரட்டியின் தோளில் தலைவைத்துத் தூங்குகிறது. எடுத்தால் நிச்சயம் உருளும். இயற்கை என்று சொல்லிவிட்டால் பலகை சாருக்குத்தான். பொன்னுரங்கத்துக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை. நடுவராகிய நான் வாயைத் திறக்கப்போவதுமில்லை.

சார் நேரே பொன்னியம்மாளிடம் போனார். "அம்மா, இது மாடு போட்டபடியே இருக்கா, நீங்க கையாலே செஞ்சதா?"

பொன்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா கேள்வி இது? மாடு வட்டமா, அஞ்சு விரல் பதிய, வரிசயா வச்சிட்டுப் போவுமா? பத்தாததுக்கு வைக்கோலு வேற கலந்துகீறேன்."

"விரல் அடையாளம் இருக்கு. செயற்கை" என்றார் சார், தனக்கே தண்டனை வாசிக்கிற நீதிபதி மாதிரி. "தடங்கல்தான். எடுத்துக்குங்க. அபராதம் கிடையாது."

பொன்னுரங்கம் வரட்டியை எடுத்தார். பந்து உருண்டது. திரும்ப வைத்து அடித்தார். பந்து குழியின் உதடுவரை போய், உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, ஓரடி தள்ளி நின்றுவிட்டது. அடித்தது நான்காகிவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும் அவருக்கு.

இனி சார் அந்த ஐந்தடியை ஒரே தட்டில் போட்டால் கோப்பை. பதினொரு வருஷம் அந்த ஐந்தடிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்தார். மறுபடி மண்டியிட்டார். மட்டையைப் பிடித்த கை, தந்தி மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது.

பொன்னுரங்கத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "வேணாம் சார், கஸ்டப்படாதீங்க. அது போன மாரிதான். எடுத்துக்குங்க."

சார் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"வுட்டுக் குடுத்துட்டேன் சார். நீங்க எனக்கு வரட்டியக் குடுத்தீங்க, நான் இத்தக் குடுத்துட்டேன். செரியாப் பூடுச்சி."

"வரட்டியை நான் கொடுக்கலை. விதி கொடுத்தது!"

"யாரு குடுத்தா இன்னா சார்? ஜெயிச்சிட்டீங்க, கைய குடுங்க."

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உதவி கேட்டது தெரிந்தது. ஆனால் புத்தகம் என்ன சொல்கிறது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். எதிராளி விட்டுக்கொடுத்ததை மறுக்கக் கூடாது. கொடுத்தவரும் திரும்பப் பெறக் கூடாது. பந்தைக் குனிந்து எடுத்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்டால் ஒருவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கையைக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுவாரம் பெயிண்டர் வந்து பலகையில் எழுதினார். தினமும் மத்தியானம் டிபன் டப்பாவோடு அதன் கீழே போய் நின்றார் சார். நாலாம் நாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ சொல்லு. அது போயிருக்குமா?"

"தெரியலை சார்."

"எனக்கும் தெரியலை. அப்புறம் பலகையிலே இருக்கிறது என் பேருதான்னு எப்படி நம்பறது?"

வீட்டில் தூங்குவதில்லை என்றார் தபீதாள் அம்மா. கூடத்தில் டம்ளரைப் படுக்கவைத்து ஐந்தடியிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறாராம். "அதிலே போகுதா?" என்று கேட்டேன். "போகுது. ஆனா மேட்ச் இல்லையாமே, செல்லாதாம்" என்றார்.

மேட்ச்தான் வேண்டும் என்று ஜூன் மாதம் முழுக்க பொன்னுரங்கத்தை ஆட அழைத்தார் சார். நானும் ஸ்கோர் எழுதப் போனேன். எப்படியும் ஏதாவது ஒரு குழியில் பந்து ஐந்தடியில் வந்து நிற்கும். சார் மண்டியிடுவார். கை நடுங்க ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் பொன்னுரங்கத்தின் மனம் இளகிவிடும். "எடுத்துக்குங்க சார்." அவ்வளவுதான், பந்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த மாதம் சார் ஏழு ஆட்டம் ஜெயித்தார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது.

"விட்டுக்கொடுக்க வேண்டாம்னு அவர்கிட்டே முன்னாடியே சொல்லிட்டா என்ன சார்?" என்றேன் ஒருநாள். என் வாழ்க்கையில் நானாகப் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அவர் அதிர்ந்து போனார். "ஒரு விதியை ஒதுக்கிவைக்க ரெண்டு ஆட்டக்காரங்க பேசி வச்சுக்கிட்டா ரெண்டு பேருமே ஆட்டத்துக்கு வெளியே! தெரியுமா உனக்கு? நீயும் சொல்லிடாதே. நான் சொல்லி அனுப்பின மாதிரி ஆயிடும்."

ஜூன் இருபத்தொன்பது, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, சார் ஆடமாட்டார். அதற்கு மறுநாள் அவர் கிளப் உறுப்பினரே இல்லை. எட்டு குழிகளிலும் ஐந்தடி வாய்க்கவில்லை. ஒன்பதாவதில் வாய்த்தது, கிட்டத்தட்ட அதே இடம். அதே நான்கு நான்கு. பொன்னுரங்கம் தன் பந்தை நாலாவது அடியில் போட்டு முடித்திருந்தார். சார் இதைப் போட்டால் சமம், விட்டால் தோல்வி. மண்டியிட்டார். கை ஆரம்பித்தது. பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார்.

"டேய் ரங்கா!" வரட்டி வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னியம்மாள். "ஒரு மாசமாப் பாத்துகினு கீறேன். அந்த மனுசன் ஒருவாட்டி தட்டணும்னு தவியாத் தவிக்கிறாரு. நீ இன்னாடான்னா குறுக்கால குறுக்கால வாயத் தொறக்கறே. பேஜார் புடிச்சவனே, மூடுறா!"

பொன்னுரங்கம் விழித்தார். அக்காவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு மூன்று என்றில்லாமல் இருந்த அத்தனை வெற்றிலையையும் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் புடைத்தன. இனி நினைத்தாலும் ஒரு சொல் வெளியே வராது.

"வெளியாள் பேச்சு" என்று சார் முணுமுணுத்தார். "அதுக்கு ஆட்டக்காரர் பொறுப்பில்லை. அபராதம் இல்லை." ஒரு நிமிஷம் யோசித்து, "இல்லை" என்று உறுதி செய்துகொண்டார்.

தட்டினார்.

பந்து போயிற்று. ஐந்தடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. குழிக்கு வலப்பக்கம் நான்கு விரல்கடை தள்ளிப் போய், ஒரு வரட்டியில் முட்டி நின்றது.

பொன்னுரங்கத்தின் கண்களில் தண்ணீர், வெற்றிலைக் காரமா வேறெதுவுமா தெரியவில்லை. சார் மெல்ல நிமிர்ந்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத ஒன்று அவர் முகத்தில் வந்தது. சிரித்தார்.

"போகலை" என்றார். "பாத்தியா தம்பி? போகலை! அன்னைக்கும் போயிருக்காது."

நேரே பொன்னுரங்கத்திடம் போய் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க."

பொன்னுரங்கம் வேகமாக ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எதுக்கு சார்? அதான் போவலியே!"

"அன்னைக்கு நீங்க கொடுத்ததுக்கு. மறுக்கக் கூடாதுன்னு மட்டும்தான் புத்தகத்திலே இருக்கு. நன்றி சொல்லணும்னு இல்லை. அதனாலே சொல்லாம விட்டுட்டேன். பலகையிலே இருக்கிற பேரு நீங்க கொடுத்தது. கொடுத்ததுன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே அது அங்கே இருக்கலாம்."

பொன்னுரங்கத்துக்கு இதில் பாதி புரியவில்லை. ஆனால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்பது புரிந்தது. "அட, கடைசி நாளு சார். யாரு பாக்கப் போறாங்க? இன்னொரு தபா தட்டுங்க."

"கூடாது" என்றார் சார், பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "நாலு அடி ஆயிடுச்சு. ஆட்டம் உங்களுது. எழுதிக்கோ தம்பி."

எழுதிக்கொண்டேன்.