கொள்ளிடத்து மணல்ல விட்ட உதை

நீ கேட்ட பக்கத்து வீட்டுச் சண்டைய அப்புறம் சொல்றேன் செல்வி. இப்ப எந்திரிக்கறப்ப ஒன் முட்டி 'மடக்'குன்னுச்சே, எங்கம்மா முட்டியும் அப்படித்தான் சத்தம் போடும்.

அப்ப எனக்கு எட்டு வயசு. ஸ்ரீரங்கத்துல, கொள்ளிடத்து நடுமணல்ல குத்தவச்சு துணி தொவச்ச அம்மாவுக்கு முட்டி பூட்டிக்கிச்சு. அணையில தண்ணி தொறந்துட்டாங்கன்னு கரையில கத்துறாங்க. செவப்பா, நுரையோட வருது.

"நீ ஓடுடி!"ங்கிறா அம்மா.

இழுத்துப் பாத்தேன், அசையல. பின்னால போயி விட்டேன் ஒரு உதை! குப்புற விழுந்தா, காலு நீண்டுக்கிச்சு.

"பெத்தவளையா உதைக்கிற, நாயே!"

நொண்டிக்கிட்டே கரை வரைக்கும் தொரத்திட்டு வந்து, முதுகுல நாலு வச்சா. அப்புறந்தான் திரும்பிப் பாத்தா. நாங்க இருந்த மணல் திட்டையே காணோம். அடிச்ச கை அப்படியே என் முதுகுல நின்னுபோச்சு.

இரு, உலை கொதிக்குது, அரிசியப் போட்டுட்டு வரேன்.