முகாமுக்கு முன்னால் இரண்டு மாத்திரை

எங்கள் யார்டில் யாரும் இஷ்டத்துக்கு நடக்கக் கூடாது. கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி ஐந்து அடுக்கு உயரத்துக்கு வைக்கும் வண்டிகளும் டிரெய்லர்களும் ஓடுகிற இடம் அது. மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் மெமோ வரும். அந்த யார்டுக்குத்தான், தினமும் பத்தாயிரம் அடி நடக்கும் போட்டி ஒன்றைத் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்தது. கூடவே ஒரு வெல்னஸ் ஆலோசகரையும்.

அவர் தென்சென்னையிலிருந்து வந்தார். எண்ணூர் சாலையில் லாரி வரிசைக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டதில் முக்கால் மணி நேரம் தாமதம். வந்ததும், "இங்க எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார். "எப்படி சார்?" என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வீச்சாகக் கையைக் காட்டினார். தூசு, புகை, லாரிகள், டீக்கடை, அங்கே நின்றுகொண்டிருந்த மனிதர்கள் எல்லோரும் அந்த ஒரு கைவீச்சுக்குள் அடங்கிவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த வீடும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

மனிதவளப் பிரிவில் நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வாங்கியதும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. என் நைனா பள்ளிக்கூடமே போகாதவர். அதே யார்டில் ஸ்டேக்கர் ஓட்டுகிறார். பெட்டி தூக்கும் வண்டிக்கு அங்கே அதுதான் பெயர். பதினாறு வருடம் தரையில் நின்று பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டிவிட்டு, அப்புறம் கேபினுக்குள் போய் உட்கார்ந்தவர். எங்கள் யார்டில் 'மேலே' என்றால் கேபின், 'கீழே' என்றால் மற்ற எல்லா வேலையும். யாரையாவது கேபினிலிருந்து எடுத்துவிட்டால் "கீழ எறக்கிட்டாங்க" என்பார்கள், சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

ஊழியர் நலத் திட்டத்துக்கு வரைவு எழுதும் வேலை எனக்கு வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். சாராம்சம் இரண்டே விஷயம்தான். காலை ஆறு மணிக்கு மேலே ஏறுகிற ஆபரேட்டர், கப்பலுக்குப் பெட்டி அனுப்பும் நெருக்கடி உள்ள நாளில், மதியம் இரண்டு மணிவரை இறங்குவதில்லை. சாப்பாடு இல்லை, மாத்திரை இல்லை, மூத்திரமும் இல்லை. ஆகவே, பத்து மணியிலிருந்து ஒவ்வொருவராகக் கால் மணி நேரம் விடுவிக்க மாற்று ஆபரேட்டர் ஒருவர் வேண்டும். அடுத்தது, ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தால் ஆளைக் கேபினிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்; ஆகவே முடிவு அந்த ஆளிடம் மட்டும்தான் தரப்பட வேண்டும். சிகிச்சை எடுத்துக்கொண்டு ஒழுங்காக இருப்பவரைக் கீழே இறக்கக் கூடாது.

ஆலோசகர் இரண்டு பக்கத்தையும் படித்தார். படித்தார் என்று நம்புகிறேன்.

"இது ஆப்பரேஷன்ஸ் சம்பந்தப்பட்டது. வெல்னஸ்னா எம்ப்ளாயீஸுக்கு ஒரு சந்தோஷம் வரணும்" என்றார்.

"கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டா சந்தோஷம் வரும் சார்."

அவர் சிரித்துவிட்டு, கூட இருந்த யார்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரும் சிரித்தார். பிறகு அவருடைய ஸ்லைடுகள் ஓடின. கடற்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். கிண்ணம் நிறைய இலைதழை. தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும் தண்ணீர்த்துளி பொம்மை. தண்ணீர் குடித்தவன் எங்கே போவான் என்று அந்தப் பொம்மை சொல்லவில்லை. கேபினில் பாட்டில் வைத்துச் சமாளிக்கிற ஆட்களுக்கு அதை நாங்கள் அச்சடித்து ஒட்டினோம்.

கடைசியில் நின்றவை மூன்று விஷயங்கள்: கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடைப்போட்டி, ஒரு பை நிறையச் சத்துத் தின்பண்டம், ரத்தப் பரிசோதனை முகாம். முகாமுக்குத் தேதி குறித்ததும், பத்து நாள் முன்பே பேனர் கட்டியதும் நான்தான்.

பேனரைப் பார்த்த அன்றே ஆபரேட்டர்கள் தயாராக ஆரம்பித்துவிட்டார்கள். அது யார்டின் பழக்கம். எப்போது முகாம் வந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் மூன்று நாள் சோற்றை நிறுத்துவார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர். கடைசி நாள் மாத்திரையை இரண்டு மடங்காக்குவார்கள். எண் இறங்கிவிடும், ஆள் இறங்க வேண்டியதில்லை. மறுநாள் கேன்டீனில் பிரியாணி.

"இன்னா மேடம், வெறும் ரத்தம்தானா, வேற எதுனா உருவுவீங்களா?" என்று ஒருவர் கேன்டீனில் கேட்டார்.

"ரத்தம் மட்டும்தாண்ணா."

"அவ்ளோதான? அத்த மேஸ்திரியே தெனிக்கும் உறிஞ்சிக்கினு கீறான். நீ வேற எதுக்கு?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து நான்கு வருடம். வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. திருவொற்றியூரில் மாத்திரை வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தண்டையார்பேட்டை வரை போய் வாங்குவார். முகாம் அன்று விடிகாலை அவர் இரண்டு மாத்திரையைப் பிரித்ததை நான் பார்த்தேன். முந்தின நாள் மாலையிலும் இரண்டு.

"டாக்டர் ஒண்ணுதான சொன்னாரு நைனா?"

"பரீட்சைக்கு நீ வுழுந்து வுழுந்து படிக்கல?"

"அது வேற."

"இன்னா வேற? நீ பாஸ் ஆவறதுக்குப் படிச்ச. நான் பாஸ் ஆவறதுக்கு முழுங்கறேன். கேம்ப்பு வெச்சதே நீதான? கம்னு கெட."

அவர் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனார். நான் பின்னால் என் வண்டியில் போனேன். தடுத்திருக்கலாம். ஆனால் தடுத்து, அவர் எண் ஏறி, அவரைக் கீழே இறக்கியிருந்தால்? நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். அன்று காலை நான் ஆலோசகரைவிட மேலான ஆளாக இல்லை.

முகாம் அலுவலகக் கூடத்தில் நடந்தது. வருவதாகச் சொன்ன டாக்டர் வரவில்லை. நர்ஸ் ஒருத்தி விரலில் குத்தி எண்ணைச் சொல்ல, ஆலோசகர் பக்கத்தில் நின்று லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். நைனாவின் முறை வந்தது.

"அம்பத்தெட்டு" என்றாள் நர்ஸ். மெஷினைத் தட்டிப் பார்த்தாள். "ரொம்பக் கம்மியா இருக்கு சார்."

"கம்மின்னா நல்லதுதானே" என்றார் ஆலோசகர். "சூப்பர்ப்பா. பெரியவர்தான் இன்னைக்கு பெஸ்ட்." நைனாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய கையை உடனே தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடுகிற கூடத்தில் நைனாவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

நைனா எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வெளியே அவருடைய வண்டி காத்திருந்தது. அதன் கீழே கொக்கி பார்க்கிற இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது: வாயைத் திறக்காதே.

"அவருக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரைய டபுளா போட்டிருக்காரு. மேல ஏத்தாதீங்க" என்றேன்.

கூடம் முழுக்கக் கேட்டது.   நாற்காலி நழுவ, நைனா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சக்கரை குடுங்க, சீக்கிரம்" என்றாள் நர்ஸ். ஆலோசகர் தந்த பையைக் கவிழ்த்தேன். எல்லாம் சர்க்கரை சேர்க்காத தின்பண்டம். ஆரோக்கிய தினம் என்பதால் கேன்டீனில் அன்று சர்க்கரை டப்பாவையே எடுத்துவிட்டிருந்தார்கள். அதுவும் ஆலோசகரின் யோசனை. கேட்டுக்கு வெளியே ஓடினேன். டீக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி கொட்டிக் கலக்கிக் கையில் கொடுத்தார். ஆலோசகர் வந்த முதல் நாள் கைவீசிக் காட்டிய டீக்கடை அதுதான்.

அதைக் குடித்து நைனா தெளிந்தார். அன்று மதியமே அவரைக் கீழே இறக்கினார்கள். கேட்டில் நின்று பெட்டிகளின் சீல் சரிபார்க்கும் வேலை. என்னோடு பேச்சை நிறுத்தினார். "உம் பொண்ணு துன்னாளானு கேளு" என்று அம்மாவிடம் கேட்பார், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. யார்டில் ஆபரேட்டர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார்: "பெத்த நைனாவையே புட்ச்சிக் குட்த்துட்ட. எங்கள வுட்ருவியா நீ?" 

இரண்டு வாரம் கழித்து ஆலோசகரின் அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். ஆபரேட்டர்கள் அனைவருக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதாம். மிகச் சிறந்த முடிவு என்று ஒரு ஊழியர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. அது நைனாவின் எண். மயங்கிய மனிதரின் ரத்தத்துக்கு நட்சத்திரம். தலைமை அலுவலகம் மேனேஜரைப் பாராட்டி மெயில் போட்டிருந்தது, நகல் எனக்கும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"சார், இதுல போட்டிருக்கிறபடி இந்த யார்டுலயே நல்ல ஆரோக்கியம் எங்க நைனாவுக்குத்தான். அப்புறம் எதுக்கு அவரைக் கீழ எறக்கினீங்க?"

"அது வேறம்மா."

"அப்போ அறிக்கை தப்பா சார்?"

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா விஷயத்தை நான் பார்த்துக்கறேன். வேற யார் யார் மாத்திரை போடறாங்கன்னு ஒரு லிஸ்ட் மட்டும் குடு. உனக்குத் தெரியாம இருக்காது."

தெரியும். எல்லார் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். பெயர்களை வரிசையாகச் சொல்லியிருக்க முடியும். நைனா மறுநாளே மேலே ஏறியிருப்பார்.

"லிஸ்ட் தர மாட்டேன் சார். தலைமை அலுவலகத்து மெயிலுக்கு நன்றி சொல்லி எல்லாருக்கும் பதில் போடறேன். நைனா விழுந்ததை முதலுதவி ரெஜிஸ்டர்ல அன்னைக்கு எழுதின பக்கத்தையும் கூடவே வெச்சு அனுப்பறேன். இல்லன்னா என் வரைவுல கையெழுத்துப் போடுங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பாராட்டு மெயிலை இழப்பதா, மாற்று ஆபரேட்டர் ஒருவரைப் போடுவதா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு மனிதர் விழுந்தது அந்த யோசனையில் எங்கும் இல்லை. கடைசியில் பேனாவை எடுத்தார். 'வேலை நெருக்கடி அனுமதிக்கும் பட்சத்தில்' என்று ஓரத்தில் சேர்த்தார். அதை அடிக்கச் சொன்னேன். அடித்தார். கையெழுத்துப் போட்டார். "உன்னை மாதிரி ஆளுங்களைப் படிக்க வெச்சதே தப்பு" என்றார், வேடிக்கைபோல. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து வேறு எதையும் எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரின் சான்றிதழோடு நைனா மேலே ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஏறிய முதல் நாள், பத்து மணிக்கு மாற்று ஆபரேட்டர் வந்தார். நைனா இறங்கினார். வண்டியின் பெரிய டயர் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். சப்பாத்தியைத் தின்றார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்து, எல்லோரும் பார்க்க விழுங்கினார். நான் அலுவலக ஜன்னலில் நின்றிருந்தேன்.

என்னிடம் நேராகப் பேசிய அந்த ஆபரேட்டர் பக்கத்தில் வந்து குந்தினார். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னவோ கேட்டார், நைனா ஒரு விரலைக் காட்டினார். அவர் குனிந்து தன் ஷூவுக்குள்ளிருந்து ஓர் அட்டையை உருவினார். இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் உள்பட்டையைத் தடவினார். மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலரைப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் வந்து என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன கூட்டம்?"

"சாப்பிடறாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இழுத்தேன்.