விளக்குப் போடும்வரை

தேனிக் கடையொன்றில் பொங்கலுக்கு சீரியல் பல்பு வாங்கப் போனபோது, எரியவிட்டுக் காட்டிய கலர் பல்பின் சாயம் சூடேறி எழுந்த வாசனை என்னை வைகை அணையின் பழைய பூங்காவுக்குக் கொண்டுபோயிற்று. காணும் பொங்கலன்று அம்மா, அப்பா, தங்கை, நான் என்று ஜெயமங்கலத்திலிருந்து கட்டுச்சோற்றோடு போய், ஈரப் புல்லில் உட்கார்ந்து, நீரூற்றின் சாரலில் நனைந்து, வண்ண விளக்குகளைப் போடுவதற்குச் சற்று முன்பாகவே கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புவதுதான் வருடாவருடம் எங்கள் வழக்கம்.

ஒரு வருடம் அம்மா எழவில்லை.

"ஏ புள்ள, பஸ்சு போயிரும், எந்திரி" என்றார் அப்பா.

"போகட்டும். எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுறாக, நான் ஒரு தடவகூடப் பாக்கல. இன்னைக்குப் பாத்துட்டுத்தான் இங்கனருந்து எந்திரிப்பேன்."

"அப்பறம் வீட்டுக்கு?"

"நடப்போம். வருசம் பூரா வயக்காட்டுல நடக்குற காலுதான?"

பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்பா முணுமுணுத்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டியதும் விளக்குகள் எரிந்தன; சூடேறிய சாய வாசனை புல்வெளியெங்கும் பரவியது. தண்ணீர் சிவப்பாகவும் பச்சையாகவும் எழும்பி எழும்பி விழ, அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். போதுமென்று அவளுக்குத் தோன்றியபோது எழுந்து, தூங்கிப்போன தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ச் சாலையில் இறங்கினாள். அவளை எட்டிப்பிடிக்க நானும் அப்பாவும் ஓட வேண்டியிருந்தது.